உள்ளங்கால் எரிகிறதா? நரம்பைக் கவனியுங்கள்

பகலில் வேலை மும்முரத்தில் ஓரளவு மறந்திருக்கும். இரவு விளக்கை அணைத்துப் படுத்ததும் தொடங்கிவிடும். உள்ளங்கால் காந்தும். விரல் நுனியில் சுருக் சுருக்கென்று குத்தும். போர்வை உரசினால்கூடத் தாங்காது. சிலர் எழுந்து போய்க் குளியலறையின் ஈரத் தரையில் நிற்பார்கள். சிலர் மின்விசிறிக்கு நேராகக் காலை நீட்டிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பார்கள். வீட்டில் சொன்னால், "உடம்புச் சூடு, விளக்கெண்ணெய் தடவு" என்பார்கள். மருந்துக் கடையில் சொன்னால் ஒரு அட்டை சத்து மாத்திரை கிடைக்கும். இப்படியே இரண்டு மூன்று ஆண்டுகள் ஓடிவிடும்.

இழக்கக் கூடாதவை அந்த ஆண்டுகள்தான். நாள்பட்ட பாத எரிச்சல் பெரும்பாலும் பாதத்துக்கு வரும் நுண்ணிய நரம்புகள் பழுதாவதால் வருகிறது. காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டால் பலருக்கு மேலும் கெடாமல் நிறுத்தலாம். சிலருக்கு முழுதாகவே சரியாகும். வலியைக் குறைக்க மருந்துகளும் உண்டு. இவையெல்லாம் நடக்க, முதலில் மருத்துவர் ஒருவர் உங்கள் காலைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கூட்டம் நெரியும் புறநோயாளிப் பிரிவுகளில் அடிக்கடி விட்டுப்போவது இந்த ஒன்றுதான். "செருப்பைக் கழற்றுகிறேன், காலைப் பாருங்கள் டாக்டர்" என்று கேட்க நாம் பழக வேண்டும்.

ஏன் பாதத்தில் தொடங்குகிறது?

கீழ் முதுகிலிருந்து கால்விரல் நுனிவரை ஓடும் நரம்பிழைகளே உடலில் மிக நீளமானவை. ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். சர்க்கரையோ சத்துக்குறைவோ நச்சோ நரம்புகளைத் தாக்கும்போது, மிக நீண்ட இழைகளின் நுனிதான் முதலில் அடிபடும். அதனால்தான் இரண்டு பாதங்களிலும் ஒரே மாதிரி விரல்களில் தொடங்கி, காலுறை போட்டதுபோல மேலேறுகிறது. முழங்காலை எட்டும் கட்டத்தில் கைவிரல்களிலும் மதமதப்பு தெரியத் தொடங்கும்.

நரம்பில் தடித்த இழைகளும் உண்டு, மெல்லிய இழைகளும் உண்டு. சூட்டையும் வலியையும் மூளைக்குக் கொண்டுசெல்பவை மெல்லியவை. எரிச்சல் பெரும்பாலும் இவை பழுதாவதன் அறிகுறி. நரம்பின் மின்கடத்தலை அளக்கும் வழக்கமான பரிசோதனையோ தடித்த இழைகளை மட்டுமே அளக்கும். ஆகவே மெல்லிய இழைகள் கெட்டிருந்தாலும் அந்த அறிக்கையில் எல்லாம் சரியாக இருப்பதாகவே வரலாம். "ரிப்போர்ட் நார்மல், மனசுதான் காரணம்" என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ஏராளம். அறிக்கையில் குறை இல்லை என்பதால் நோயே இல்லை என்றாகிவிடாது. தோலில் சிறு துணுக்கை எடுத்து அதில் உள்ள நுண்ணிழைகளை எண்ணிப் பார்க்கும் பரிசோதனை பெரிய மருத்துவ மையங்களில் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு அதுவரை போக வேண்டியதில்லை. அனுபவமுள்ள மருத்துவர் காலைச் சோதித்தாலே போதும்.

என்னென்ன காரணங்கள்?

முதலிடம் சர்க்கரை நோய்க்கு. சென்னையில் உள்ள ஆய்வு நிறுவனம் ஒன்றின் தலைமையில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காக நடந்த நாடு தழுவிய ஆய்வு 2023-ல் வெளியானது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாகவும், 13 கோடிப் பேருக்கு மேல் அதன் முந்தைய கட்டத்தில் இருப்பதாகவும் அது மதிப்பிட்டது. இந்த முந்தைய கட்டத்திலேயே நரம்பு பாதிக்கப்படலாம். தனக்குச் சர்க்கரை இருப்பதைப் பாத எரிச்சலுக்காகச் சோதித்தபோதுதான் அறிந்தவர்களும் உண்டு.

அடுத்தது பி12 வைட்டமின் குறைவு. இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றிலிருந்தே இது கிடைக்கிறது. காய்கறியிலும் தானியத்திலும் இல்லை. சைவ உணவுக்காரர்களும் முதியவர்களும் கவனமாக இருக்க வேண்டும். சர்க்கரைக்குப் பல ஆண்டுகள் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கும் பி12 குறையலாம். அதற்காக அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பி12 அளவைச் சோதித்து, குறைந்திருந்தால் ஈடுசெய்துகொள்ளலாம். பி12 குறைவு இருக்கும்போது வெறும் ஃபோலிக் அமிலத்தை மட்டும் சாப்பிட்டால் இரத்தச்சோகை சரியானதுபோலத் தோன்றும். நரம்புச் சேதம் உள்ளே தொடரும்.

நம் மண்ணுக்கும் இந்த நோய்க்கும் பழைய தொடர்பு உண்டு. இந்தியர்களிடையே காணப்பட்ட பாத எரிச்சலைப் பற்றி கிரியர்சன் என்ற மருத்துவர் 1826-லேயே எழுதினார். சேலத்தில் பிறந்து சென்னையில் மருத்துவம் படித்த சி.கோபாலன், குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது 1946-ல் இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். ஏழை மக்களின் சத்தில்லாத உணவோடும் பி வகை வைட்டமின் குறைவோடும் அவர் இதைத் தொடர்புபடுத்தினார். மருத்துவ நூல்களில் 'கிரியர்சன்–கோபாலன் நோய்க்கூட்டு' என்று இது இன்றும் குறிக்கப்படுகிறது. அப்போது பசியால் வந்த நோய், இப்போது பெரும்பாலும் சர்க்கரையால் வருகிறது.

நாள்பட்ட குடிப்பழக்கம், தைராய்டு குறைவு, சிறுநீரகச் செயலிழப்பு, எச்.ஐ.வி., புற்றுநோய்க்குத் தரப்படும் சில மருந்துகள், ஆர்செனிக் நஞ்சு ஆகியவையும் காரணமாகலாம். காசநோய்க்கான ஐசோனியசிட் மாத்திரை உடலில் பி6 வைட்டமினைக் குறைக்கும் என்பதால், தேவைப்படுகிறவர்களுக்கு அதோடு பி6 மாத்திரையும் சேர்த்துக் கொடுப்பார்கள். அதே பி6-ஐ மருத்துவர் சொல்லாமல் அதிக அளவில் நெடுநாள் விழுங்கினால், அதுவே நரம்பைக் கெடுக்கும். 'சத்து மாத்திரைதானே' என்று எடுத்துக்கொள்ள முடியாது.

தோலில் நிறம் மங்கிய, உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் தொழுநோயா என்று பார்க்க வேண்டும். அது இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. அதற்கான கூட்டு மருந்து அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு காலில் மட்டும் எரிச்சல் என்றால் முதுகெலும்பு வட்டு நரம்பை அழுத்துகிறதா, கணுக்காலில் நரம்பு நெரிபடுகிறதா என்று பார்ப்பார்கள். விரலிடுக்கில் அரிப்போடு எரிந்தால் சேற்றுப்புண்ணாகவே இருக்கலாம்.

ஆகவே முதல் சந்திப்பில் கேட்டுச் செய்துகொள்ள வேண்டிய பரிசோதனைகள் இவை: வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பின்னும் சர்க்கரை, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, பி12, தைராய்டு, சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின், முழு இரத்த எண்ணிக்கை. இவற்றில் பலவற்றை அரசு மருத்துவமனைகளிலேயே செய்துகொள்ளலாம்.

காலை எப்படிச் சோதிக்க வேண்டும்?

சரியான பாதப் பரிசோதனைக்குச் சில நிமிடங்கள் போதும். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை ஒன்று உண்டு. நோயாளி கண்ணை மூடிக்கொள்வார். கட்டைவிரலின் அடியிலும் உள்ளங்காலின் முன்பகுதியிலும் அந்த இழை வளையும்வரை அழுத்தி, "தெரிகிறதா?" என்று கேட்பார்கள். அடுத்து 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிக் கட்டைவிரல் எலும்பில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். குதிகாலுக்கு மேலுள்ள தசைநாரைத் தட்டிப் பார்ப்பார்கள். பாதத்தின் இரண்டு இடங்களில் நாடித்துடிப்பைத் தொட்டு இரத்த ஓட்டத்தை அறிவார்கள். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிக்கு நோய் தெரிந்த அன்றே இந்தச் சோதனை வேண்டும். பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாவது வேண்டும்.

வீட்டிலும் ஒரு எளிய சோதனை செய்யலாம். கண்ணை மூடிக்கொண்டு படுங்கள். வீட்டில் ஒருவர் உங்கள் வலது காலின் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளையும் இடது காலில் அதேபோல மூன்று விரல் நுனிகளையும் ஆட்காட்டி விரலால் மென்மையாக ஓரிரு நொடி தொடட்டும். அழுத்தவோ தட்டவோ கூடாது. தொடும்போதெல்லாம் சொல்லுங்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்திருக்கிறது. தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

வலிக்கு மருந்து

பாராசிட்டமாலும் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளும் நரம்பு எரிச்சலுக்குப் பெரிதாக உதவாது. டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகளைத் தொடர்ந்து விழுங்கினால் சிறுநீரகம் கெடும்; சர்க்கரை நோயாளிக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

நரம்பு வலிக்கென்று முதலில் தருபவை டுலோக்செடின், அமிட்ரிப்டிலின், ப்ரீகாபலின், கேபாபென்டின். முதலிரண்டும் மனச்சோர்வுக்கும் தரப்படுபவை. மாத்திரையின் பெயரை இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு, "எனக்குப் பைத்தியம் என்று நினைத்துவிட்டார்களா?" என்று மனம் புண்பட்டு நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. இவை வலிச் செய்தியைத் தணிக்கும் வேதிப்பொருள்களைத் தண்டுவடத்திலும் மூளையிலும் கூட்டுகின்றன. அதற்காகவே நரம்பு வலிக்குத் தருகிறார்கள். மனச்சோர்வு இல்லாதவருக்கும் அதே பலன் கிடைக்கும். இதை நோயாளிக்கு இரண்டு வாக்கியத்தில் விளக்குவது மருத்துவரின் கடமை.

குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவார்கள். பலன் தெரியச் சில வாரம் ஆகும். நான்கு நாளில் கைவிட்டுவிடாதீர்கள். வலி பாதியாகக் குறைந்து தூக்கம் வந்தாலே நல்ல வெற்றி. ஒன்று ஒத்துவராவிட்டால் மற்றொன்றுக்கு மாற்றலாம், சேர்த்தும் தரலாம். மயக்கம், தலைசுற்றல், கால்வீக்கம், எடை கூடுதல் ஆகியவை வரலாம். இரவில் எழும் முதியவர்கள் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அமிட்ரிப்டிலின் தருவதற்கு முன் இதய நோய், கண் அழுத்தம், சிறுநீர்த் தடை ஆகியவற்றை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ப்ரீகாபலினைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. மருந்துச் சீட்டு இல்லாமல் இவற்றைக் கடையில் வாங்கவும் கூடாது. மிளகாயின் காரப்பொருளான காப்சைசின் களிம்பும் சிலருக்கு உதவும். புண் உள்ள தோலில் அதைத் தடவக் கூடாது.

நெடுநாள் கட்டுக்கடங்காத சர்க்கரையை ஒரேயடியாக வேகமாகக் குறைக்கும்போது சிலருக்கு எரிச்சல் தற்காலிகமாகக் கூடும். பயந்துபோய்ச் சர்க்கரை மருந்தை விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இரவு பகலாக எரிந்தால் தூக்கம் போகும், எரிச்சலோடு பேசத் தோன்றும், வாழ்வே அலுத்துப்போகும். இதைப் பலவீனம் என்று வீட்டார் ஒதுக்கக் கூடாது. மனம் தளர்ந்தால் 14416 என்ற டெலிமனஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

எரிச்சல் தானாக நின்றால்

மருந்து எதுவும் இல்லாமல் ஒரு நாள் எரிச்சல் அடங்கிவிட்டால் பலர் நிம்மதி அடைகிறார்கள். நரம்பு குணமானதாலும் அப்படி நடக்கலாம். நரம்பு செத்துக் கால் மரத்துப்போனதாலும் நடக்கலாம். செருப்பு நழுவியது தெரியவில்லை, முள் தைத்தது தெரியவில்லை என்றால் இரண்டாவதுதான் நடந்திருக்கிறது. எரியும் காலைவிட மரத்த காலுக்கே ஆபத்து அதிகம்.

இதை உலகுக்கு உணர்த்திய பணி நடந்தது வேலூரில். கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேய மருத்துவர் பால் பிராண்ட், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1946-ல் சேர்ந்த பிறகு தொழுநோயாளிகளின் கைகால்களை ஆராய்ந்தார். விரல்கள் நோயால் தாமாக அழுகி விழுவதாக அதுவரை நம்பினார்கள். வலி தெரியாததால் ஏற்படும் தீக்காயமும் வெட்டும் அழுத்தப் புண்ணுமே அவற்றை அழிக்கின்றன என்று அவர் காட்டினார். இரவில் எலி கடித்தும் தெரியாமல் தூங்கியவர்களை அவர் கண்டார். சர்க்கரையால் மரத்த காலுக்கும் இதே கதிதான் நேர்கிறது.

ஆகவே தினமும் செய்ய வேண்டியவை:

- இரவு படுக்கும் முன் இரண்டு பாதங்களையும் விரலிடுக்குகளையும் பாருங்கள். அடிப்பாதத்துக்குக் கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள். கண் மங்கியவர்களுக்கு வீட்டார் பார்க்க வேண்டும்.
- வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காதீர்கள். செருப்பைப் போடும் முன் உள்ளே கல், ஆணி இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள்.
- எரிச்சலுக்குச் சுடுநீரிலோ பனிக்கட்டியிலோ காலை வைக்காதீர்கள். மரத்த காலுக்குக் கொப்புளம் வந்த பிறகே சூடு தெரியும். குளிக்கும் நீரின் சூட்டை முழங்கையால் சோதியுங்கள்.
- காலைக் கழுவி விரலிடுக்கை ஈரமில்லாமல் துடையுங்கள். வெடிப்புக்கு எண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் மட்டும் வேண்டாம்.
- கால் ஆணியைப் பிளேடால் செதுக்காதீர்கள். அதற்கென்று கடையில் விற்கும் அமில ஒட்டுகளும் வேண்டாம்.
- உச்சி வெயிலில் கோயில் பிரகாரத்தைச் சுற்றாதீர்கள். அதிகாலையிலோ மாலையிலோ போங்கள். பழனிப் பாதயாத்திரை, தீமிதி ஆகியவற்றை உணர்ச்சி குறைந்தவர்கள் தவிர்ப்பதே நல்லது.
- செருப்பை மாலையில் வாங்குங்கள், அப்போதுதான் கால் சற்று வீங்கியிருக்கும். உணர்ச்சி குறைந்தவர்களுக்கென்று எம்சிஆர் எனப்படும் மென்மையான நுண்துளை ரப்பர் செருப்புகள் உண்டு.

உடனே ஓட வேண்டிய நேரம்

சில நாட்களுக்குள் மதமதப்பும் பலவீனமும் கால்களிலிருந்து மேலேறினாலோ, தொடையிடுக்கு மரத்துச் சிறுநீரோ மலமோ கட்டுப்படாமல் போனாலோ, கால் திடீரென்று வெளுத்துச் சில்லிட்டாலோ, விரல் கறுத்தாலோ காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். பாதத்தில் புண் வந்தாலோ, வலியே இல்லாமல் ஒரு பாதம் சிவந்து சூடாகி வீங்கினாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். வலியில்லாத வீக்கம் என்று ஒதுக்கினால் எலும்புகள் நொறுங்கிப் பாதத்தின் வடிவமே குலையக்கூடும்.

உங்கள் உரிமைகள்

*தெரிந்துகொள்ளும் உரிமை.* நோய் என்ன, மருந்து எதற்கு, பக்கவிளைவு என்ன என்று கேட்டறியவும், வேறொரு மருத்துவரிடம் இரண்டாவது கருத்துப் பெறவும், விரும்பிய கடையில் மருந்து வாங்கவும் நோயாளிக்கு உரிமை உண்டு என்கிறது தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் உருவாக்கிய நோயாளி உரிமைச் சாசனம். உள்நோயாளியாக இருந்தவர் சிகிச்சைப் பதிவேடுகளை எழுத்துமூலம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. கேட்டதற்கான ஒப்புகையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

*முறையீட்டு உரிமை.* கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகள் இதில் வராது. குணமாகவில்லை என்பது மட்டும் குற்றமாகாது. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்ட கவனக்குறைவுக்கு ஆதாரம் வேண்டும். அதற்குத்தான் பதிவேடுகள் தேவை. பாதிப்பு நேர்ந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு செய்யலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் மனுக் கட்டணமும் கிடையாது. வழிகாட்டுதலுக்கு நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

*பொய் விளம்பரத்திலிருந்து பாதுகாப்பு.* 'சர்க்கரையை வேரோடு ஒழிப்போம்' என்று மருந்து விளம்பரம் செய்வது 1954-ம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டப்படி குற்றம். பெயர்ச்சீட்டு இல்லாத பொடியில் ஸ்டீராய்டோ உலோகமோ கலந்திருக்கலாம். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், உலோகம் நரம்பையே கெடுக்கும். எந்த முறை மருந்தானாலும் உரிம எண்ணும் உள்ளடக்கமும் அச்சிடப்படாததை வாங்காதீர்கள். மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் புகார் செய்யுங்கள்.

*உட்காரும் உரிமை.* துணிக்கடையிலும் நகைக்கடையிலும் நாள் முழுக்க நின்று வேலைபார்க்கும் பெண்களின் கால் படும் பாடு எல்லோரும் அறிந்தது. 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டது. வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார ஊழியர்களுக்கு இருக்கை வைப்பது கட்டாயம். வைக்காத கடைமீது தொழிலாளர் துறையில் புகார் தரலாம்.

*வேலையும் மாற்றுத்திறனும்.* 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் பாத எரிச்சல் தனிப் பிரிவாக இல்லை. ஆனால் கால் பலவீனமாகியோ விரலோ பாதமோ அகற்றப்பட்டோ நடமாட்டம் குறைந்தால் இயக்கக் குறைபாடாகக் கணிக்கப்பட்டுச் சான்றும் யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் கிடைக்கும். 40 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் இடஒதுக்கீடு உள்ளிட்ட பலன்கள் உண்டு. அரசு நிறுவனப் பணியில் இருக்கும்போது மாற்றுத்திறனாளியானவரைப் பணிநீக்கமோ பதவியிறக்கமோ செய்யக் கூடாது. அதே ஊதியத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும் என்கிறது அந்தச் சட்டத்தின் 20-ம் பிரிவு. பேருந்து ஓட்டுநர், நடத்துநர் போன்றவர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

*அரசு உதவி.* வீடு தேடிச் சர்க்கரை மருந்து தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்', பாதப் பரிசோதனைக்கென்றே வந்த 'பாதம் பாதுகாப்போம்' ஆகிய திட்டங்கள் தமிழகத்தில் உள்ளன. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 104-ஐ அழைத்தும் விசாரிக்கலாம். மாதாமாதம் மாத்திரை வாங்க முடியாதவர்கள் மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் அதே மருந்தின் பொதுப்பெயர் வடிவம் குறைந்த விலையில் இருக்கிறதா என்று பாருங்கள். தனியார் மருத்துவக் காப்பீட்டில் சேரும்போது சர்க்கரை இருப்பதை மறைக்காதீர்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் 3 ஆண்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது 2024 முதல் உள்ள விதி. மறைத்தால் தேவைப்படும் நேரத்தில் பணம் மறுக்கப்படலாம்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது மூன்று கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். என் எரிச்சலுக்குக் காரணம் என்ன? என் பாதத்தில் உணர்ச்சியும் இரத்த ஓட்டமும் எவ்வளவு இருக்கின்றன? மறுபடி எப்போது சோதிக்க வேண்டும்? இந்த மூன்றுக்கும் பதில் வாங்காமல் எழுந்து வராதீர்கள். உங்கள் வீட்டில் சர்க்கரை உள்ள பெரியவர் இருந்தால், இன்றிரவே அவர் காலைக் கையிலெடுத்துப் பாருங்கள். நேரத்தில் கவனித்தால் பல கால்களை இழக்காமல் காப்பாற்ற முடியும்.